கம்பிக்குள் நீளும் கைக்கு என்ன வயது? மது வாங்கும் வயது வரம்பு: ஓர் எளிய விளக்கம்

வடசென்னை வியாசர்பாடியில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் எங்கள் மாலை வகுப்பு நடக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் வரை எல்லோரும் ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்து படிப்பார்கள். சென்ற மாதம் ஒரு மாணவன் தனக்குப் புதிதாக வந்த வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்து காட்டினான். அட்டை கைமாறி எல்லோரையும் சுற்றிவந்த பிறகு கேட்டான்: “அக்கா, இதை வைத்துக்கொண்டு நான் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு பீர் பாட்டில் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். இது எந்த ஊர் நியாயம்?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அப்பாவின் குடியால் வீட்டில் என்னென்ன நடந்தது என்பதைப் பார்த்து வளர்ந்த பையன் அவன், தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதைப் பற்றி மூன்று மாலைகள் பேசினோம். அங்கே சொன்னதையும் பிள்ளைகள் எனக்குச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வயதைக் குறைக்கக் கூடாது என்பது என் கருத்து. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ‘குடிக்கும் வயது’ என்று பொதுவாகச் சொல்கிறோம். மது வாங்குவதற்கான வயது வேறு, குடிப்பதற்கான வயது வேறு. இங்கிலாந்தில் கடையில் மது வாங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆனால் 16 வயதுப் பிள்ளை, பெரியவர் ஒருவர் வாங்கிக் கொடுத்தால், உணவகத்தில் சாப்பாட்டோடு பீரோ ஒயினோ குடிக்கலாம். நம் தமிழ்நாட்டில், மதுபானச் சில்லறை விற்பனைக்கென 2003இல் வந்த விதிகளின்படி, 21 வயது நிறையாத ஒருவருக்கு மது விற்கக் கூடாது. இந்த விதி யாரை நோக்கிப் பேசுகிறது என்று பிள்ளைகளைக் கேட்டேன். “எங்களை” என்றார்கள். இல்லை, கடைக்காரரை. வயதைக் கேட்டுப் பார்த்து, இல்லையென்று சொல்லித் திருப்பி அனுப்பும் கடமை விற்பவருடையது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எல்லாம் எளிதாக விளங்கும்.

18 வயதுகூட நிறையாத பிள்ளைக்கு, மருத்துவர் சொல்லாமல், யாராவது மது கொடுத்தால் அது வேறு கணக்கு. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவில், அதற்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. வாங்கிக் கொடுப்பவர் கடைக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. சித்தப்பாவாக இருந்தாலும், தெருவில் ‘அண்ணா’ என்று கூப்பிடும் ஒருவராக இருந்தாலும் குற்றம் குற்றம்தான். இதைச் சொன்னபோது மாடியில் சத்தம் அடங்கிவிட்டது. யாருக்கு எந்த அண்ணன் நினைவுக்கு வந்தாரோ.

மதுவைப் பற்றிச் சட்டம் போடும் அதிகாரம் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே வயதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் 21. கேரளத்தில் 21 ஆக இருந்ததை 2017இல் 23 ஆக உயர்த்தினார்கள். ஹரியாணா எதிர்த்திசையில் போய் 2021இல் 25ஐ 21 ஆகக் குறைத்தது. கர்நாடகத்தில் 21ஐ 18 ஆக்க 2023 ஜனவரியில் ஒரு வரைவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். கோவாவில் 18. குஜராத்திலும் பிகாரிலும் மதுவிலக்கு. நமக்குப் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியில் 18.

அந்தப் புதுச்சேரிதான் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) ஏறினால் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை இரவு பைக்கில் கிளம்பி, ஞாயிறு மாலை திரும்புகிறவர்களை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு பக்கம் 21, எல்லைக்கு அப்பால் 18 என்று இருந்தால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

தமிழ்நாட்டுக் கதையையும் ஓரிரு வரியில் சொல்ல வேண்டும். 1937இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்த்தப்பட்டது, மறுபடி வந்தது, மறுபடி போனது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. ஆக, இங்கே விதி போடுகிறவரும் விற்கிறவரும் ஒருவரே. இதில் கெடுதலும் உண்டு, வசதியும் உண்டு. வசதி என்னவென்றால், வயதைப் பார்த்து விற்க வேண்டும் என்று அரசு மனம் வைத்தால் ஆயிரக்கணக்கான தனி முதலாளிகளிடம் மன்றாட வேண்டியதில்லை.

இப்போது அந்த வாக்காளர் அட்டைக்கு வருகிறேன். 1988இல் வந்த 61ஆவது சாசனத் திருத்தம்தான் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆக்கியது. ‘18 ஆகிவிட்டால் முழு மனிதன், பிறகென்ன கட்டுப்பாடு’ என்பதுதான் வயதைக் குறைக்கச் சொல்பவர்களின் வலுவான வாதம். 17½ வயதில் ராணுவத்தில் அக்னிவீரராகச் சேரலாம், 18இல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம், சிறைக்கும் போகலாம். இத்தனை பொறுப்பையும் தலையில் ஏற்றிவிட்டு ஒரு கோப்பைக்கு மட்டும் குழந்தை என்பதா என்று கேட்கிறார்கள். கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் நம் சட்டம் ‘பெரியவர்’ என்ற பட்டத்தை ஒரே நாளில் கட்டித் தருவதில்லை. படிப்படியாகத்தான் தருகிறது. 18இல் ஸ்கூட்டர் ஓட்ட உரிமம் வாங்கலாம். ஆனால் லாரியோ ஆட்டோவோ ஓட்ட 20 நிறைய வேண்டும். ஆண் திருமணம் செய்துகொள்ள 21. மாநகராட்சிக் கவுன்சிலர் தேர்தலில் நிற்க 21, சட்டமன்றத் தேர்தலில் நிற்க 25. தவறினால் யாருக்கு எவ்வளவு அடிபடும் என்பதைப் பொறுத்துப் படியின் உயரம் மாறுகிறது. வாக்குச்சீட்டில் தப்பாகக் குத்தினால் ஐந்து ஆண்டு கழித்துத் திருத்திக்கொள்ளலாம். இரவு 11 மணிக்கு மாதவரம் நெடுஞ்சாலையில் தள்ளாடும் வண்டியைத் திருத்த இரண்டு விநாடிகூடக் கிடைக்காது.

உடம்பும் 18இல் முடிந்துவிடுவதில்லை. விளைவை எண்ணிப் பார்த்து ‘வேண்டாம்’ என்று நிறுத்தும் வேலையைச் செய்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. அது முழுதாக முதிர 25 வயதை ஒட்டி ஆகிவிடுகிறது. ஆசையும் துணிச்சலும் அதற்கு வெகு முன்பே விழித்துக்கொள்கின்றன. மது முதலில் தளர்த்துவது அந்த நிறுத்தும் பகுதியைத்தான். பிரேக் இன்னும் பொருத்தி முடிக்காத வண்டியில் இருக்கிற பாதி பிரேக்கையும் கழற்றுவது போன்றது இது.

அமெரிக்கக் கதை இதுதான். 1971இல் அங்கே வாக்களிக்கும் வயது 18 ஆனது. என் மாணவன் கேட்ட அதே கேள்வியை அன்று அமெரிக்க இளைஞர்களும் கேட்டார்கள்: வியட்நாம் போருக்கு அனுப்புகிறீர்கள், பீர் வாங்கக் கூடாதா? பல மாநிலங்கள் வயதை 18க்கோ 19க்கோ இறக்கின. இறக்கிய இடங்களில் இளைஞர்களின் சாலை விபத்துகள் ஏறின. பக்கத்து மாநிலத்தில் 21 என்றால் இந்தப் பக்கம் ஓடி வந்து குடித்துவிட்டு, இருட்டில் திரும்ப ஓட்டிப் போனார்கள். அந்த எல்லைகளுக்கு ‘ரத்த எல்லைகள்’ என்றே பெயர் வந்துவிட்டது. 1980இல், குடித்தவர் ஓட்டிய கார் மோதி மகளைப் பறிகொடுத்த கேண்டி லைட்னர் என்ற தாய் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் அதில் திரண்டார்கள். 1984இல் அதிபர் ரேகன் கையெழுத்திட்ட சட்டம், 21ஐ ஏற்காத மாநிலத்துக்கு மத்திய அரசின் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு வெட்டப்படும் என்றது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் 21க்கு வந்துவிட்டன. ‘ரத்த எல்லைகள்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு மாணவி மெதுவாக, “ஈ.சி.ஆர்.” என்றாள்.

நியூசிலாந்து இன்னும் நமக்குப் பொருந்தும் பாடம். 1999இல் அங்கே மது வாங்கும் வயதை 20இலிருந்து 18க்குக் குறைத்தார்கள். அதன்பின் விபத்துக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள், 20 முதல் 24 வயதினரோடு ஒப்பிட்டால் 18, 19 வயதினரிடம் மதுவால் நேரும் விபத்துக் காயங்கள் கூடியிருப்பதைக் கண்டார்கள். அது எதிர்பார்த்ததுதான். 15 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடமும் கூடியிருந்தது. சட்டம் அவர்களுக்கு எந்தச் சலுகையும் தரவில்லை. கடை அவர்களுக்கு அன்றும் மூடித்தான் இருந்தது. பிறகு எப்படி?

இதை விளக்க நான் ஒன்றும் சொல்லவில்லை. “18 நிறைந்தவர்கள் கை தூக்குங்கள்” என்றேன். அன்று வந்திருந்த 23 பேரில் 4 கைகள் உயர்ந்தன. இரண்டு பேர் பன்னிரண்டாம் வகுப்பு, இரண்டு பேர் கல்லூரி. அடுத்து, “21 நிறைந்தவர்கள்” என்றேன். ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் முதலில் புரிந்துகொண்டான். “வயதைக் குறைத்தால் எங்களுக்கு இந்த அண்ணன்களே வாங்கித் தருவார்கள், இல்லையா அக்கா?” என்றான்.

வயது வரம்பு வேலை செய்யும் விதம் அதுதான். 15 வயதுப் பையன் கடைக்குப் போய் நிற்பது குறைவு. தனக்குத் தெரிந்த, வாங்கக்கூடிய ஒருவரிடம் கேட்கிறான். 21 வயதுக்காரர் அவனுடைய உலகத்துக்குச் சற்று வெளியே இருக்கிறார். வேலைக்குப் போகிறார், அல்லது வேலை தேடி அலைகிறார். 18 வயதுக்காரன் அதே பள்ளியில், அதே காற்பந்து அணியில், அதே பெஞ்சில் இருக்கிறான். எங்கள் பகுதியில் ஓர் ஆண்டு படிப்பை விட்டுவிட்டு மறுபடி வந்து சேர்ந்த பிள்ளைகள் நிறைய. பன்னிரண்டாம் வகுப்பிலேயே 18, 19 வயது என்பது இங்கே அதிசயமில்லை. வரம்பை 18 ஆக்கினால் மது வாங்கும் உரிமையைப் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுபோய் வைக்கிறோம். 18 வயதுக்காரனைக் குழந்தை என்று நான் நினைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் நிற்கும் தம்பியைத்தான் நினைக்கிறேன்.

இன்னொரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. ஐரோப்பாவில் வீட்டிலேயே ஒயின் ஊற்றிக் கொடுத்து, அளவோடு குடிக்கப் பழக்குகிறார்களாம். ஒளித்து வைப்பதால்தான் இங்கே வெறி பிடிக்கிறதாம். டென்மார்க்கில் வீரியம் குறைந்த மதுவை 16 வயதிலேயே வாங்கலாம். ஐரோப்பாவில் பதின்வயதினர் போதை தலைக்கேறக் குடிப்பது மிக அதிகமாக இருக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. ஐரோப்பா என்றாலே அளவு என்று எண்ணிவிடக் கூடாது.

அதையும் விட்டுவிடுவோம். அங்கே முதல் கோப்பை பீரும் ஒயினும். இங்கே முதல் கோப்பை எது? குவார்ட்டர். அதாவது 180 மில்லி பிராந்தியோ ரம்மோ. கணக்குப் பாடத்தில் இதைப் போட்டுப் பார்த்தோம். பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். 180இல் 42.8 சதவீதம் என்றால் 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. ஒரு மில்லி 0.79 கிராம். பெருக்கினால் ஏறக்குறைய 61 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் ‘அதீதக் குடி’ என்ற வகையில் சேர்க்கிறது. கடையில் கிடைக்கும் மிகச் சாதாரணமான ஒரு பாட்டில், தனியாளாகக் குடித்து முடித்தால், முதல் நாளே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஒரு பெரிய பீர் பாட்டில், 650 மில்லி, 5 சதவீதம் என்றால் 26 கிராம் வரும். இந்த இரண்டு எண்களையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். ‘அளவோடு பழக்குவது’ என்ற பேச்சு குவார்ட்டரின் பக்கத்தில் நிற்க முடியாமல் போனது.

என்னோடு படித்த ஒருவன் இருந்தான். மைதானத்தில் அவன் இடதுகாலுக்குப் பந்து வந்தால் கோல்தான். 16 வயதில் யாரோ பெரியவர்கள் வெற்றிக் களிப்பில் ஊற்றிக் கொடுத்தார்கள். 34 வயதில் ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிக் கிடந்தான். கடைசியாகப் பார்க்கப் போனபோது தன் மகனைப் பற்றி மட்டும் பேசினான். பையன் எத்தனையாவது படிக்கிறான், யார் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்கள் என்று. இளம் வயதில் தொடங்குபவர்கள் பிற்காலத்தில் குடிக்கு அடிமையாவது அதிகம் என்று ஆய்வுகள் சொல்லும்போது எனக்கு அந்த இடதுகால்தான் நினைவுக்கு வருகிறது.

கள்ளச்சாராயத்தைக் காட்டிப் பயமுறுத்துவதும் உண்டு. கடையில் தராவிட்டால் பிள்ளைகள் விஷச்சாராயம் தேடிப் போவார்களே என்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள். கடைக்குப் போக அவர்களுக்கு வயது தடையாக இல்லை, பணம்தான் தடை. அந்தக் கொடுமையை வயது வரம்பின் கணக்கில் எழுதுவது தவறு.

ஆனால் எதிர்த்தரப்பு சொல்லும் ஒரு பேச்சுக்கு என்னிடம் எளிதான பதில் கிடையாது. “21 என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். யார் பார்க்கிறார்கள்? பார்க்காத சட்டத்தை வைத்துக்கொண்டிருப்பது சட்டத்துக்கே அவமானம். அதைவிட 18 என்று வைத்து ஒழுங்காகப் பாருங்கள்.” நோய் இருக்கிறது என்பது உண்மை. மருந்து தவறு என்பதே என் பதில். 21ஐப் பார்க்காத கண் 18ஐ மட்டும் எப்படிப் பார்க்கும்? 21 என்று எழுதியிருக்கும்போது 18 வயதுக்காரன் வாங்கிப் போகிறான். 18 என்று எழுதினால் 15 வயதுக்காரன் வாங்கிப் போவான்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன், “அக்கா, நீங்கள் அந்தக் கடைப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டான். பார்த்ததில்லை. மறுநாள் போய்ச் சாலைக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். எந்தக் கடை என்பது முக்கியமில்லை. முன்பக்கம் முழுவதும் இரும்புக் கம்பி வலை. நடுவில் ஒரு திறப்பு, இடுப்பு உயரத்தில், ஒரு கையும் ஒரு பாட்டிலும் போய்வரும் அளவுக்கு. அதற்குப் பக்கத்தில் வண்ணம் மங்கிய பலகை: 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மது விற்கப்படாது. பணத்தைப் பிடித்த கைகள் ஒரே நேரத்தில் மூன்று நான்காக அந்தத் திறப்புக்குள் நுழைந்தன. உள்ளே இருந்தவர் பணத்தை எண்ணினார், பாட்டிலை வைத்தார், சில்லறையைத் தள்ளினார். அரை மணி நேரத்தில் அவர் ஒரு தடவைகூடக் குனிந்து வெளியே பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த உயரத்திலிருந்து அவருக்குத் தெரிந்தது மணிக்கட்டுகள் மட்டும்தான். மணிக்கட்டில் வயது எழுதியிருக்காது.

மூன்றாம் நாள் மாலை இதை அப்படியே பிள்ளைகளிடம் சொன்னேன். வயதைக் குறைக்கலாமா கூட்டலாமா என்ற விவாதம் அதன்பின் தானாகவே தேய்ந்துபோனது. வரம்பை வேலை செய்ய வைப்பது எப்படி என்று பேச ஆரம்பித்தார்கள். அட்டை இல்லாத கை இங்கே கிடையாது. ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை என்று ஏதோ ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. பார்ப்பதற்கு இளமையாக இருப்பவரிடம் மட்டும் கேட்டால் போதும். மாநகராட்சி எல்லைக்குள் பள்ளிக்கும் கோயிலுக்கும் 50 மீட்டர் தள்ளித்தான் கடை இருக்க வேண்டும் என்று அதே 2003ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தங்கள் பள்ளி வாசலிலிருந்து கடை வரை அளக்க ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு போவதாக இரண்டு பெண்கள் முடிவு செய்தார்கள்.

வாக்காளர் அட்டை கொண்டுவந்த மாணவன் மனு எழுத உட்கார்ந்தான். மனு எழுதும் முறை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. பெறுநர், பொருள், தேதி எல்லாம் சரியாக எழுதினான். அவன் எழுதிய முதல் கோரிக்கை, விற்பனைத் திறப்பை வாங்குபவரின் முகம் தெரியும் உயரத்துக்கு ஏற்றி வைக்க வேண்டும் என்பது. கையெழுத்துப் போடும்போது என்னைக் கேட்டான், “அக்கா, 18 ஆனவர்கள் மட்டும் போடலாமா, எல்லோரும் போடலாமா?”

எல்லோரும் போடலாம் என்றேன். 23 பேரும் போட்டார்கள்.